"ஒம்போது நடக்குது": ஜான் ஹட்சன்ங்கற சிம்னிப் பையனைக் கடல் தாண்டி அனுப்பின கதை

1783 டிசம்பர் 10, லண்டன், ஓல்ட் பெய்லி கோர்ட். கூண்டுல ஒரு பொடிப்பையன். என்னப்பா வயசு உனக்குன்னு கேக்கறாங்க, ஒம்போது நடக்குதுங்கறான். என்ன தொழில் பழகியிருக்கேன்னா ஒண்ணும் இல்ல, எப்பவாச்சும் சிம்னி, அதான் வீட்டுப் புகைக்குழாய், சுத்தம் பண்ணப் போவேன்கறான். அப்பா அம்மா இருக்காங்களா? செத்துட்டாங்க. செத்து எவ்வளவு நாளாச்சு? தெரியாது.

ஜான் ஹட்சன்ங்கற அந்தப் பையன் தன்னைப் பத்தி கோர்ட்ல சொன்னது இவ்வளவுதான். அந்தக் காலத்துல ஓல்ட் பெய்லி விசாரணையை எல்லாம் சுருக்கெழுத்துல எழுதி அச்சடிச்சு விப்பாங்க, ஜனங்க காசு குடுத்து வாங்கிப் படிப்பாங்க, அதனாலதான் இருநூத்தி நாப்பது வருஷம் கழிச்சும் நம்மால இதைப் படிக்க முடியுது. ஆஸ்திரேலியாவுக்கு மொத மொதல்ல கைதிங்களை ஏத்திட்டுப் போன கப்பல் கூட்டத்துல ஆம்பளைக் கைதிகள்லயே வயசுல ரொம்பச் சின்னவன் இவன்தான்னு வரலாற்றுக்காரங்க சொல்றாங்க.

இவன் கதையை நான் எழுதணும்னு நெனச்சதுக்குக் காரணம் இருக்கு. பொதுவா நாடு கடத்தல்னாலே கொடூரமான ஜட்ஜு, ஈவு இரக்கமில்லாத சட்டம்னுதான் எழுதுவாங்க. ஹட்சன் கேஸ்ல அப்படி இல்ல. வழி நெடுக யாராவது ஒருத்தர் அவனுக்கு இரக்கம் காட்டறாங்க, இல்லன்னா சட்டத்துல ஒரு சந்து கெடச்சு உசிரு தப்பறான், ஆனா தப்பற ஒவ்வொரு தடவையும் வீட்டை விட்டு இன்னும் தூரமாப் போயிடறான். வீடுன்னு ஒண்ணு அவனுக்கு இருந்துச்சாங்கறதே வேற கேள்வி.

என்ன திருடினான்னு மொதல்ல பாப்போம். கிழக்கு லண்டன்ல ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டுங்கற இடத்துல வில்லியம் ஹோல்ட்ஸ்வொர்த்னு ஒரு மருந்து வியாபாரி. அக்டோபர் 10ஆம் தேதி அவர் வீட்டுல திருடு போச்சு. லினன் சட்டை ஒண்ணு 10 ஷில்லிங், பட்டு ஸ்டாக்கிங்ஸ் அஞ்சு (ஜோடி இல்ல, அஞ்சே அஞ்சு) 5 ஷில்லிங், துப்பாக்கி ஒண்ணு 5 ஷில்லிங், ஏப்ரன் ரெண்டு 2 ஷில்லிங். மொத்தம் 22 ஷில்லிங், அன்னிக்கு லண்டன்ல ஒரு கூலியாளோட ரெண்டு வாரக் கூலி கிட்ட வரும். வீட்டுக்காரர் எழுந்து வந்து பாத்தப்போ கண்ணாடி உடைஞ்சிருக்கு, மேஜை மேல சின்னச் சின்ன கால் விரல் தடம், எல்லாம் கரி அப்பின தடம். அதுக்கப்புறம் ஒரு பொம்பளை, தண்ணிகிட்ட உக்காந்து உடம்புல இருந்த கரியைக் கழுவிட்டிருந்த இவனைப் பாத்திருக்கா. அடகுக்கடைக்குச் சட்டையை எடுத்துட்டுப் போனான், மாட்டிக்கிட்டான்.

எங்க வீட்டுல மூணாங்கிளாஸ் படிக்கிற பையன் இருக்கான், குளிச்சுட்டு ஈரக்காலோட சிமெண்டுத் தரையில ஓடுவான். இந்த மேஜைத் தடத்தைப் படிச்ச அன்னிக்கு அந்த ஈரத்தடத்துகிட்ட உக்காந்து என் உள்ளங்கையை விரிச்சு வச்சுப் பாத்தேன், என் கைக்குள்ள அடங்கிடுச்சு. அதே வயசுப் பையனோட, அந்த அளவுல ஒரு தடத்தைத்தான் லண்டன்ல ஒரு பெரிய மனுஷன் மேஜை மேல பாத்திருக்காரு.

இங்க சிம்னிப் பசங்களைப் பத்தி கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா திருட்டுக்கும் அந்தத் தொழிலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. லண்டன்ல நிலக்கரி எரிக்கற வீடுங்க பெருகப் பெருக சிம்னிக் குழாயை ஒடுக்கமா, வளைச்சு வளைச்சுக் கட்டினாங்க, 9 இஞ்ச்சுக்கு 9 இஞ்ச்னு கூட இருக்கும், நம்ம சாப்பாட்டுத் தட்டை விடச் சின்ன ஓட்டை. பெரிய ஆள் நுழைய முடியாது. அதுக்காகவே நாலு வயசு, அஞ்சு வயசு, ஆறு வயசுப் பசங்களைப் புடிச்சுட்டு வருவாங்க, முக்கால்வாசி அனாதைங்க, இல்ல சோத்துக்கில்லாத வீட்டுப் பசங்க. முட்டியும் முழங்கையும் உராய்ஞ்சு ரத்தம் வரும், அது காப்பு காய்க்கணும்னு உப்புத்தண்ணியைத் தேய்ச்சு சூடான நெருப்புப் பக்கத்துல நிக்க வைப்பாங்க. ராத்திரி படுக்கறது கரி மூட்டை சாக்கு மேல. அந்தக் கரியையும் வீணாக்க மாட்டாங்க, விவசாயிங்களுக்கு எருவா வித்துடுவாங்க. சில பசங்க குழாயில சிக்கி மூச்சு முட்டியே செத்திருக்காங்க. 1775ல பெர்சிவல் பாட்னு ஒரு சர்ஜன், சிம்னிப் பசங்களா இருந்தவங்களுக்கு பின்னாடி விதைப்பையில வர்ற புற்றுநோய்க்கு இந்தக் கரிதான் காரணம்னு எழுதினாரு, ஒரு தொழிலால புற்றுநோய் வருதுன்னு அடையாளம் காட்டினதுல மொத ஆள்கள்ல அவர் ஒருத்தர். எட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்களை ஏத்தக் கூடாதுன்னு 1788லதான் சட்டம் வந்துச்சு, அதையும் யாரும் மதிக்கல, 1875 வரைக்கும் பசங்க ஏறிட்டுத்தான் இருந்தாங்க.

ஒடுக்கமான ஓட்டையில நுழையற உடம்பு, இருட்டு பயம் போன மனசு, உசரத்துல கால் தவறாம நிக்கற பழக்கம், இதெல்லாம் சிம்னிக்கு எவ்வளவு தேவையோ அதே அளவு வீடு உடைக்கறவனுக்கும் தேவை. சின்னப் பையனை ஜன்னல் வழியா உள்ள இறக்கி விடுவாங்க, அவன் போய் கதவைத் திறந்து விடுவான், இல்ல சாமானை எடுத்து வெளிய நீட்டுவான். "எப்பவாச்சும்" சிம்னி சுத்தம் பண்ணுவேன்னு ஹட்சன் சொன்னான் பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்குள்ளயே விஷயம் இருக்கு. வெயில் காலத்துல லண்டன்ல நெருப்பு மூட்ட மாட்டாங்க, சிம்னி வேலை படுத்துடும், பசங்க தெருவுல திரிவாங்க. இவன் மாட்டினது அக்டோபர்ல.

அடுத்தது சட்டம். அன்னிக்கு இங்கிலாந்துல தூக்குத் தண்டனைக்கு உரிய குற்றம் எத்தனைன்னு எண்ணினா அந்த நூற்றாண்டு முடியறப்போ இருநூறு கிட்ட வருது. கடையில 5 ஷில்லிங் சாமானை நைசா எடுத்தா தூக்கு. ஒரு வீட்டுக்குள்ள இருந்து 40 ஷில்லிங்குக்கு எடுத்தா தூக்கு. ராத்திரி வீடு உடைச்சா, சாமான் எவ்வளவுங்கற பேச்சே இல்ல, தூக்கு. ஏழு வயசுக்குக் கீழ இருந்தா குற்றமே கிடையாது, ஏழுல இருந்து பதினாலு வரைக்கும் நல்லது கெட்டது தெரியாதுன்னுதான் மொதல்ல எடுத்துக்கணும், ஆனா தெரிஞ்சுதான் செஞ்சான்னு நிரூபிச்சுட்டா பெரியவனுக்கு உள்ள தண்டனைதான். ஆக, எட்டு முடிஞ்சு ஒம்போது நடக்கற பையனுக்கும் தூக்குக்கயிறு வரைக்கும் சட்டத்துல வழி இருந்துச்சு.

இவ்வளவு கொடுமையான சட்டத்தை அப்படியே நடத்தினா தெனம் தெனம் கூட்டம் கூட்டமா தொங்க விடணும், அது ஜூரிக்கும் தெரியும். அதனால அவங்க ஒரு வழி வச்சிருந்தாங்க, சாமானோட விலையைக் குறைச்சு எழுதிடுவாங்க. 40 ஷில்லிங்குக்குத் தூக்குன்னா 39 ஷில்லிங்னு தீர்ப்பு. எத்தனையோ பேர் உசிரு இந்த ஒரு ஷில்லிங்ல நின்னிருக்கு.

ஹட்சன் கேஸ்ல விலை பிரச்சனையே இல்ல, 22 ஷில்லிங்தான். பிரச்சனை ராத்திரிங்கறதுதான். ராத்திரி ஒரு மணிக்கு வீடு உடைச்சான்னு குற்றச்சாட்டு. அன்னிய சட்டத்துல ராத்திரின்னா என்ன தெரியுமா, எதிர்ல நிக்கிற ஆளோட முகத்தை சூரிய வெளிச்சத்துல அடையாளம் கண்டுபிடிக்க முடியுதுன்னா அது ராத்திரி இல்ல, நிலா வெளிச்சம் கணக்குல வராது. ஜட்ஜு அதைத்தான் புடிச்சாரு. வீட்டுக்காரருக்கே காலையில எட்டு மணிக்குத்தான் விஷயம் தெரிஞ்சிருக்கு, விடிஞ்சப்புறம் கூட இவன் உள்ள போயிருக்கலாமேன்னாரு. பையன் ஒத்துக்கிட்டதா சொல்றதும் பயத்துல சொன்னது, அதை எடுத்துக்கறது நியாயம் இல்லைன்னாரு. இவ்வளவு இளசான பையனை ராத்திரி வீடு உடைச்சான்னு தீர்க்கறது ரொம்பக் கடுமை, இவனை எப்படியாச்சும் அழிவுல இருந்து இழுத்துக் காப்பாத்தணும், இல்லன்னா பழைய வாழ்க்கைக்கே திரும்பிப் போவான், இந்த மாதிரிப் பசங்களை வச்சு வீடு கொள்ளையடிக்கற மோசமான ஆளுங்க கையில கருவியாயிடுவான், இதெல்லாம் ஜட்ஜு சொன்னதுதான். எனக்கு அந்த வார்த்தைல சந்தேகமே இல்ல, மனசாரச் சொல்லியிருக்காரு.

ஜூரியும் கேட்டாங்க. திருடினது உண்மை, ராத்திரி வீடு உடைச்சது நிரூபணம் ஆகலன்னு தீர்ப்பு. கழுத்து தப்பிச்சுது. தண்டனை ஏழு வருஷம் நாடு கடத்தல்.

நம்மூர்ல இதுக்கு தீவாந்திர சிட்சைன்னு பேரு, பெரியவங்க பேசிக் கேட்டிருப்பீங்க. 1908ல வ.உ.சி.க்கு திருநெல்வேலில விதிச்சாங்களே, அதே வகைத் தண்டனை. மெட்ராஸ் மாகாணத்துல இருந்து போன கைதிங்க கதையும் பெருசு. சுமத்ராவுல பென்கூலனுக்கு அனுப்பினாங்க, 1825ல அங்க இருந்து சிங்கப்பூருக்கு மாத்தினாங்க, சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இந்தியக் கைதிங்கதான் கட்டினாங்க, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை போட்டு இடிச்சு, தேங்கா மட்டை ஊறின தண்ணியில குழைச்ச மெட்ராஸ் சாந்து அந்தச் சுவர்ல இருக்கு. அதைத் தனியா எழுதணும். இங்க சொல்ல வந்தது, பிரிட்டிஷ்காரங்க இந்த முறையை மொதல்ல தன் சொந்த ஏழைங்க மேலதான் பழகினாங்கங்கறதைத்தான்.

1718ல வந்த ஒரு சட்டத்துக்கப்புறம் வருஷா வருஷம் கப்பல் கப்பலா அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க, 1775 வரைக்கும் ஐம்பதாயிரம் பேர் கிட்ட. வர்ஜீனியா, மேரிலாந்துப் புகையிலைத் தோட்டக்காரங்க அந்த உழைப்பை விலைக்கு வாங்கிக்குவாங்க, அரசாங்கத்துக்கு ஜெயில் செலவு மிச்சம், ஏஜென்டுக்கு லாபம். அமெரிக்க சுதந்திரப் போர் வந்ததும் அந்தக் கதவு மூடிடுச்சு. ஆனா கோர்ட்டுல தண்டனை விதிக்கறது நிக்கல. எங்க அனுப்பறதுன்னே தெரியாம நாடு கடத்தல் நாடு கடத்தல்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, லண்டன் ஜெயில் எல்லாம் ரொம்பி வழிஞ்சுது, மிச்சப் பேரை பழைய கப்பல்ல அடைச்சாங்க. ஹட்சனுக்குத் தீர்ப்பு வந்தது இந்தச் சமயத்துலதான்.

1784 ஏப்ரல்ல மெர்க்குரிங்கற கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க. அமெரிக்காக்காரன் வேண்டாம்னு சொல்லியும் ரகசியமா அங்கயே கொண்டு போய் இறக்கிடலாம்னு திட்டம். கப்பல்ல கைதிங்க 179 பேர். கெளம்பி ஒரு வாரம் கூட ஆகல, ஏப்ரல் 8 அன்னிக்கு கைதிங்க கலகம் பண்ணி கப்பலைப் புடிச்சுட்டாங்க, புயல்ல அடிபட்டு இங்கிலாந்துக் கரைக்கே, டோர்பே பக்கம் வந்து சேந்தாங்க. படகுல ஏறி ஏறி தப்பிச்சு ஓடினாங்க.

இப்ப பாருங்க, சட்டத்துல இருக்கற அடுத்த சந்து. நாடு கடத்தல் தண்டனைல இருக்கறவன் காலம் முடியாம இங்கிலாந்து மண்ணுல கால் வச்சா தூக்கு. அரசாங்கக் கப்பல் ஒண்ணு வந்து, கரை சேர்றதுக்கு முன்னாடியே தண்ணியிலயே சில படகுகளை மறிச்சுப் புடிச்சுது. அப்படி மாட்டினவங்கள்ல ஹட்சனும் இருந்தான். மண்ணை மிதிக்கல, அதனால குற்றம் இல்ல, பழைய தண்டனையே போதும்னு விட்டாங்க. இன்னும் கொஞ்ச தூரம் படகு போயிருந்தா ஒரு தூக்குத் தண்டனை தலைக்கு மேல வந்து நின்னிருக்கும். அதே கப்பல்ல தாமஸ் பேரட்னு ஒருத்தன், கலகம் நடக்கறப்போ கேப்டனோட காதை அறுக்கப் போனவங்களைத் தடுத்தவன், அந்த நல்ல காரியத்துக்காக மரண தண்டனை ரத்தாச்சு. 1788ல சிட்னில மொத மொதல்ல தூக்குல போட்ட ஆளும் அவன்தான், சாப்பாட்டுச் சாமான் திருடினான்னு.

அப்புறம் ஹட்சனை ப்ளிமத் துறைமுகத்துல டன்கர்க்னு ஒரு கப்பலுக்கு அனுப்பினாங்க. ஒரு காலத்துல 60 பீரங்கி வச்ச போர்க்கப்பல், இப்ப பாய்மரம் எல்லாம் கழட்டி சேத்துல நங்கூரம் போட்ட மிதக்கற ஜெயில். பெரிய ஆளுங்களோட, ரவுடிங்களோட ஒண்ணா, கீழ்த்தளத்துல, காத்தில்லாத இருட்டுல. தனியா பசங்களுக்குன்னு ஒரு இடமும் அன்னிக்குக் கிடையாது, பசங்களுக்கு மட்டும்னு ஜெயில் கப்பல் வந்ததே 1820கள்லதான். ஹட்சன் 1787 மார்ச் வரைக்கும் டன்கர்க்ல இருந்தான். ஒம்போது பத்து வயசுல உள்ள போனவன் பன்னெண்டு வயசுல வெளிய வரான். அவனைப் பத்தி எழுதறவங்க எல்லாம் இந்த வருஷங்களை ஒரு வரில தாண்டிடறாங்க, ஆஸ்திரேலியாதான் பெரிய கதைன்னு. என்னைக் கேட்டா அவன் வளந்ததே அந்தக் கப்பலோட அடித்தளத்துலதான், ஒரு பையன் எழுத்துப் படிக்கற, சண்டை போடற, சினேகிதம் புடிக்கற வயசு பூரா அங்கதான் போச்சு.

1786ல அரசாங்கம் முடிவு பண்ணிடுச்சு, உலகத்தோட அந்தக் கோடியில, கேப்டன் குக் பாத்துட்டு வந்த, ஆஸ்திரேலியக் கரையில இருக்கற பாட்டனி பேங்கற இடத்துக்கு அனுப்பலாம்னு. 11 கப்பல், 750க்கு மேல கைதிங்க, 1787 மே 13 போர்ட்ஸ்மவுத்ல இருந்து கெளம்பினாங்க. ஹட்சனை ஏத்தினது ஃப்ரெண்ட்ஷிப்ங்கற கப்பல்ல, அந்தக் கூட்டத்துலயே சின்னக் கப்பல்கள்ல ஒண்ணு. டெனரீஃப், ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன்னு சுத்தி எட்டு மாசத்துக்கு மேல. கேப் டவுன்ல அந்தக் கப்பல்ல இருந்த பெண் கைதிங்களை வேற கப்பலுக்கு மாத்திட்டு அந்த இடத்துல ஆடுகளை ஏத்தினாங்க, புதுக் குடியேற்றத்துக்கு ஆடு வேணும்னு. 1788 ஜனவரில பாட்டனி பே, அங்க தண்ணியும் மண்ணும் சரியில்லைன்னு ஜனவரி 26 சிட்னி கோவ்ங்கற சின்ன வளைகுடாவுக்கு மாறினாங்க. அப்போ ஹட்சனுக்கு பதிமூணு நடக்குது. அந்த ஊர்ல ஏற்கனவே ஆயிரக்கணக்கான வருஷமா குடியிருந்த ஜனங்க கரையில நின்னு பாத்துட்டிருந்தாங்க, அவங்களுக்கு இதுக்கப்புறம் நடந்தது இந்தக் கட்டுரைல அடங்காத துயரம்.

வந்த மறு வருஷத்துல இருந்தே பஞ்சம். விவசாயம் தெரிஞ்ச ஆள் ரொம்பக் கம்மி, விதை முளைக்கல, இங்கிலாந்துல இருந்து கப்பல் வரல. ரேஷனைக் குறைச்சுக்கிட்டே போனாங்க. சிட்னில வாய் குறையணும்னு 1790 மார்ச்ல ஒரு பெரிய கூட்டத்தை சிரியஸ்ங்கற கப்பல்லயும் இன்னொரு கப்பல்லயும் நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினாங்க, அதுல ஹட்சனும் ஒருத்தன். கிழக்கால ஆயிரம் மைல் தூரத்துல ஒரு சின்னத் தீவு. ஆளுங்களை இறக்கிட்டு சாமானை இறக்கறதுக்குள்ள மார்ச் 19 அன்னிக்கு சிரியஸ் பாறைல மோதி நொறுங்கிடுச்சு. தீவுல பட்டாளச் சட்டம் போட்டாங்க. அந்த வருஷம் அவங்க உசிரோட இருந்ததுக்குக் காரணம் ஒரு பறவை, பிட் மலையில பொந்துல முட்டை போட ராத்திரி வந்து இறங்கற கடல் பறவை. சாயந்தரம் மலை ஏறி தீப்பந்தம் வச்சுப் புடிப்பாங்க. நாலு மாசத்துல ஒரு லட்சத்து எழுவதாயிரத்துக்கு மேல புடிச்சாங்கன்னு கணக்கு எழுதி வச்சிருக்காங்க. கொஞ்ச வருஷத்துல அந்தத் தீவுல அந்தப் பறவையே இல்லாமப் போச்சு.

அதே 1790 ஆகஸ்ட்ல அந்தத் தீவுக்கு இன்னொரு குழந்தைத் திருடியும் வந்து சேந்தா. மேரி வேட். லண்டன் தெருவைக் கூட்டிக்கிட்டே பிச்சை எடுத்த பொண்ணு, அவளும் இன்னொரு பொண்ணும் சேந்து தண்ணி புடிக்க வந்த ஒரு எட்டு வயசுக் குழந்தையை ஏமாத்தி, கக்கூஸ் பக்கம் கூட்டிட்டுப் போய் அவ போட்டிருந்த கவுனைக் கழட்டி எடுத்துட்டுப் போய் அடகுக்கடையில 18 பென்ஸுக்கு (ஒன்றரை ஷில்லிங்) வச்சாங்க. திருடினவளும் ஏழைக் குழந்தை, பறிகொடுத்தவளும் ஏழைக் குழந்தை, இதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. 1789 ஜனவரில மேரிக்குத் தூக்குன்னு தீர்ப்பு. மார்ச்ல மூணாம் ஜார்ஜ் ராஜாவுக்குப் பைத்தியம் தெளிஞ்சுதுன்னு ஊரே கொண்டாடின சமயத்துல மரண தண்டனைல இருந்த பெண்களுக்குத் தண்டனையைக் குறைச்சு ஆஸ்திரேலியா போகச் சொன்னாங்க. லேடி ஜூலியானாங்கற கப்பல்ல 200க்கு மேல பெண்களோட கெளம்பி 1790 ஜூன்ல சிட்னி, அங்க இருந்து நார்ஃபோக் தீவு. அவ பொழைச்சா. கல்யாணம் கட்டி, நிலம் வாங்கி, நிறையப் புள்ளைங்களைப் பெத்து, 1859ல வொல்லொங்காங் பக்கத்துல செத்துப் போறப்போ பேரன் பேத்தி கொள்ளுப்பேரன்னு 300 பேருக்கு மேல இருந்தாங்கன்னு சொல்வாங்க. ஆஸ்திரேலியப் பிரதமரா இருந்த கெவின் ரட் அவ வம்சம்தான்.

மேரி வேட் மாதிரிக் கதைங்களைத்தான் இப்ப எல்லாரும் ஆசையாச் சொல்றாங்க, கைதியா வந்து குடும்பத்தை வேரூன்ற வச்சான்னு. அது பொய் இல்ல. ஆனா அதை வச்சு நாடு கடத்தினது ஒரு விதத்துல நல்லதாப் போச்சுன்னு பேசறதை என்னால ஏத்துக்க முடியல, ஏன்னா பக்கத்துலயே ஹட்சன் நிக்கறான். புள்ளைக்குட்டி இருந்தவங்களைத்தான் வம்சம் தேடிக் கண்டுபிடிக்கும். மத்தவங்க தண்டனை ரெஜிஸ்டர்ல மட்டும் இருப்பாங்க.

இவங்களோட இது நிக்கவும் இல்ல. 1788ல இருந்து 1868 வரைக்கும் 1,60,000 பேருக்கு மேல ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினாங்க, பெரும்பாலும் திருட்டுக் கேஸு. சின்னப் பசங்க வந்து இறங்க இறங்க டாஸ்மேனியால ஒரு சிக்கல் ஆச்சு, வேலைக்குக் கைதி கேக்கற முதலாளிங்க பசங்களை வேண்டாம்னாங்க, தொழிலும் தெரியாது, தெம்பும் கிடையாது, சோறு மட்டும் போடணும்னு. அதனால 1834ல போர்ட் ஆர்தர் ஜெயிலுக்கு எதிர்ல, கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கற ஒரு மேட்டுல பசங்களுக்குன்னே தனி ஜெயில் கட்டினாங்க, பாயிண்ட் பியூர். 1849ல மூடற வரைக்கும் சுமார் 3,000 பசங்க அதுக்குள்ள போயிட்டு வந்தாங்க. தச்சு, செருப்புத் தைக்கறது, படகு கட்டறது, கல் செதுக்கறதுன்னு தொழில் கத்துக்குடுத்தாங்க, எழுதப் படிக்கவும் சொல்லிக்குடுத்தாங்க, அது உண்மை. பிரம்படியும் தனிக்கொட்டடியும் அதே இடத்துலதான், அதுவும் உண்மை. போர்ட் ஆர்தருக்கு டூர் போறவங்க கூரை இல்லாத ஒரு சர்ச் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க, அதுல இருக்கற செதுக்கின கல்லு பாயிண்ட் பியூர் பசங்க கைவேலை.

ஹட்சனுக்கு இதுல எந்தத் தொழிலும் யாரும் கத்துத் தரல. அவன் நார்ஃபோக் தீவுல பட்டாளக்காரங்க காவல்ல, ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல குடிசையை விட்டு வெளிய வரக்கூடாதுங்கற கட்டுப்பாட்டுல இருந்தான். சாப்பாடு அரைகுறையா இருக்கற இடத்துல ராத்திரி நடமாடினா திருடத்தான் போறான்னு அதிகாரிங்களுக்குச் சந்தேகம், அதனால கண்டிப்பு ஜாஸ்தி.

1791 பிப்ரவரில அவன் பேரு மறுபடி பதிவாகுது. ராத்திரி ஒம்போது மணிக்கு மேல குடிசைக்கு வெளிய இருந்தான், 50 கசையடி. என்ன எடுத்தான், எங்க போனான்னு எந்தக் குற்றச்சாட்டும் இல்ல, வெளிய இருந்தான், அவ்வளவுதான். கசைன்னா ஒம்போது வார் சேத்துக் கட்டினது, ஒரு அடிக்கு முதுகுல ஒம்போது கோடு.

ஓல்ட் பெய்லில ஏழு வருஷம்னு சொன்ன நாள்ல இருந்து எண்ணிப் பாத்தேன். 1790 டிசம்பரோட முடிஞ்சுது. யார் தண்டனை எப்ப முடியுதுங்கற காகிதத்தை எல்லாம் இங்கிலாந்துலயே விட்டுட்டுத்தான் அந்தக் கப்பல் கூட்டம் கெளம்பி வந்துச்சு, என் காலம் முடிஞ்சுதுன்னு சிட்னில கேட்ட கைதிங்களுக்கே கவர்னரால பதில் சொல்ல முடியல. அடி வாங்கின அந்த பிப்ரவரில ஹட்சனோட ஏழு வருஷம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. அவனுக்குப் பதினாறு நடக்குது.